கொலைக்குப் பூ கேட்டவர்கள்

அத்தியாயம் ஐந்து

"என்னைக் கொல்லலாமான்னு யாரோ சாமிகிட்ட உத்தரவு கேட்டிருக்கானுங்க" என்றார் சின்னுசாமி.

துப்பறியும் நிபுணர் மணிமாறன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது சுழல் நாற்காலி. அவர் நிமிர்ந்தால் அது தன்பாட்டுக்கு இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். வந்தவருக்கு நிபுணரின் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும். பலரும் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டதால் அவர் அதை ரிப்பேர் பண்ணவே இல்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். கொலை, கொள்ளை, ஆள்மாறாட்டம் துப்பறியப்படும் என்று போர்டு சொன்னது. படியேறி வந்தவர்கள் கேட்டதெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, தலையில் இருப்பது சொந்த முடியா என்ற இரண்டே கேள்விகள்தான். இன்றுதான் முதன்முதலாகக் கொலை என்ற சொல் படியேறி வந்திருந்தது. மணிமாறன் சந்தோஷத்தில் புது நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"சாமி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி. சட்டப் படிப்பை முடித்துவிட்டு, வக்கீலாகப் பதிவு பண்ணும்வரை பொழுதுபோக்குக்காக இங்கே உதவியாளராக இருப்பவள். பொழுது நன்றாகவே போகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"செகப்புப் பூ வந்திருச்சாமுங்க. வேண்டாம்னு அர்த்தம். ஆனா ஒருக்கா கேட்டவன் வேற கோயிலுக்குப் போயி மறுக்கா கேக்க மாட்டானுங்களா?"

திருச்செங்கோட்டுப் பக்கம் பூ கேட்காமல் கல்யாணம் நடக்காது, கிணறு வெட்ட மாட்டார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் நூல் சுற்றிப் பொட்டலமாக்கிச் சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. ஆளைத் தீர்ப்பதற்குக் கூட அந்த மரியாதையை விடாதவர்கள் இருக்கிறார்கள் என்பது மணிமாறனுக்குப் புதுச் செய்தி.

"உங்களுக்குப் பகையாளி யாருங்க?"

"நான் ஆழ்துளைக் கிணறு போடற ரிக் வண்டி வெச்சிருக்கறேனுங்க. நான் போட்ட போர் ஒவ்வொன்னுக்கும் பக்கத்துத் தோட்டத்துல கேணி வத்திப்போன ஒருத்தன் இருப்பான். எவனைன்னு சொல்றது? பூசாரி அம்மாசி விசயத்தைச் சொன்னானே ஒழிய, பேரைக் கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

சொல்லிவிட்டு சின்னுசாமி எழுந்து கதவுப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் மணிமாறனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முதுகு அவருக்குத் தெரிந்த முதுகு. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், கழுத்தில் ஒரு மச்சம். போன மாதம் ஒரு வாரம் முழுக்க அந்த முதுகுக்குப் பின்னாலேயேதான் அவர் சுற்றினார். ஒரு தடவைகூட முன்பக்கம் போய் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் பெயரும் ஃபைலில் எழுதியதோடு மறந்துபோயிருந்தது.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அறிவுச்செல்வி அலமாரியிலிருந்து அந்த ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கருப்பண்ணன்னு ஒருத்தர் வந்தாரே சார், பொண்ணு வீட்டுக்காரர்னு. மாப்பிள்ளையோட அப்பா எப்படிப்பட்டவர்னு பார்த்துச் சொல்லச் சொன்னார். நீங்ககூட உற்சாகமாயிட்டீங்க. காலையில எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பறார், எந்த வாய்க்கால் ரோட்டுல ஆள் நடமாட்டம் இருக்காது, மோட்டார் ரூம்ல எவ்வளவு நேரம் தனியா இருப்பார்... படம்கூட வரைஞ்சீங்க."

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு எதுக்கு வாய்க்கால் ரோடுன்னு அப்பவே நீ கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் சார். துப்பறியறவன் கேள்வி கேக்க மாட்டான், பதில்தான் சொல்வான்னு சொன்னீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைப் பற்றி மணிமாறன் கேள்விப்பட்டிருக்கிறார். அடுத்தவருக்குச் சொந்தச் செலவில், அதுவும் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

* * *

பழைய மாருதி சங்ககிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. போலீஸுக்குப் போன் பண்ணிப் பார்த்தாகிவிட்டது. "சாமிகிட்ட கேட்டதுக்கெல்லாம் கேஸ் போட்டா, முதல் சாட்சியா சாமியைக் கூப்பிடணுமே சார்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார் எஸ்.ஐ.

"செல்வி, உண்மையைச் சொல்லு. நான் என்ன குத்தம் பண்ணியிருக்கேன்?"

"உடந்தை சார்."

"ஆள் இன்னும் சாகலையேம்மா."

"சாகணும்னு சட்டம் எதிர்பார்க்கறதில்லை. கொல்லலாம்னு ரெண்டு பேர் மனசொத்துப் பேசி முடிச்சாலே கூட்டுச்சதி முழுசாயிருச்சு. பழைய சட்டத்துல நூத்தியிருபது பி, புதுசுல அறுபத்தொன்னு. கொலை நடந்தா அது மேல போட்டுக் கொடுக்கற கொசுறு."

"நான் எதுக்கும் ஒத்துக்கலையே. ரிப்போர்ட்தானே கொடுத்தேன்."

"அருவாளுக்குச் சாணை பிடிச்சுக் கொடுத்தீங்க."

"சாணை பிடிக்கறவனுக்கு அது தேங்காய்க்கா தலைக்கான்னு எப்படித் தெரியும்?"

"அதுதான் சார் உங்களைக் காப்பாத்தற ஒரே கயிறு. தெரியாமச் செஞ்சா உடந்தை ஆகாது. ஆனா நீங்க கூண்டுல ஏறி, நான் பேர்பெற்ற துப்பறியும் நிபுணர், என் கிளையண்ட் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சத்தமாச் சொல்லணும்."

மணிமாறன் யோசித்துப் பார்த்தார். ஜெயிலே தேவலை என்று பட்டது.

வாய் விளையாட்டாகப் பேசினாலும் அவர் காரை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். அந்த முதுகு நாளைக்கு ஏதாவது வாய்க்காலில் குப்புறக் கிடந்தால், வழி காட்டியது அவர் கை வரைந்த படம். கேஸ் ஜெயிக்க வேண்டும் என்பதுகூட இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ரிப்போர்ட்டால் ஒரு மனிதன் சாகக் கூடாது. அது போதும்.

* * *

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே, வேப்பமரத்தடியில் முனியப்பன் சாமி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசாரி அம்மாசி வெற்றிலையை மென்றபடி இவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமிகிட்ட கேட்டவங்க பேரை வெளிய சொல்ல முடியாதுங்க. சொன்னா நாளைக்கு எவன் இங்க வருவான்? உசுரு விசயமாச்சேன்னுதான் சின்னுசாமிகிட்ட ஜாடையாச் சொன்னேன்."

"பேர் வேண்டாம். எப்படிக் கேட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார் மணிமாறன்.

"வழக்கமாட்டத்தானுங்க. கேக்கறவரு பொட்டலம் கட்டுவாரு. அவரு கையால வெக்கக் கூடாது, கூட வந்தவரு வெப்பாரு. நான் எடுப்பேன். அன்னிக்குக் கூட வந்து வெச்சவன் ஒரு லாரி டிரைவரு."

மணிமாறன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தார். கோயில் வாசலில் பலவிதமான காலடிகள் தெரிந்தன. பாதிக்கு மேல் ஆட்டினுடையவை.

அவர் முதுகுக்குப் பின்னால் அம்மாசி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "மருவாதியே இல்லாமப் போச்சு. லாரியைக் கொண்டாந்து கோயில் வேம்புல மோதிக் கெளையை ஒடிச்சுப்போட்டான். வண்டியில மட்டும் 'சென்னம்மாள் துணை'ன்னு பெத்தவ பேரு. அது போவட்டும், எடுக்காத பொட்டலத்தையும் காணோம்!"

"என்ன காணோம்?" அறிவுச்செல்வி கேட்டாள்.

"நான் எடுக்காம உட்ட பொட்டலம் சாமி காலடியிலயே கெடக்கோணுமுங்க. அதைப் பிரிக்கக் கூடாது, தொடக் கூடாது. பிரிச்சா சாமி வாக்கைச் சந்தேகப்பட்ட மாதிரி. பொழுதோட நாந்தான் கேணியில போடுவேன். அன்னிக்குப் பாத்தா இல்லை."

மணிமாறன் நிமிர்ந்தார். மூளைக்குள் ஏதோ சரக்கென்று பொருந்தியது. அவருக்கு அது அடிக்கடி நடப்பதில்லை, ஆகவே நடந்தால் உடனே தெரிந்துவிடும்.

"செல்வி! சிவப்பு வந்திருச்சு. மிச்சம் இருக்கறது வெள்ளைதான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச பொட்டலத்தை ஒருத்தன் எதுக்குத் திருடணும்?"

"சொல்லுங்க சார்."

"அது வெள்ளையா இல்லாததால! ரெண்டுலயும் சிவப்புதான் இருந்திருக்கு. யாராவது பிரிச்சுப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுரும்னு பயந்து எடுத்துட்டுப் போயிருக்கான். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு இந்தக் கொலையில இஷ்டமில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாம, சாமி வாயால வேண்டாம்னு சொல்ல வெச்சிருக்கான்."

அறிவுச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சார், நிஜமாவே நல்லா இருக்கு. எங்கயாவது எழுதி வெச்சுக்கங்க, மறுபடி எப்ப வருமோ" என்றாள்.

"அவன் யாருங்கறதும் தெரியும். பொட்டலத்தைக் கையால வெச்ச டிரைவர்தான்."

"டிரைவரை எங்க தேடறது?"

"அதுதான் பெரிய புதிர்..."

"லாரி பேரை இப்பத்தான் பூசாரி சொன்னாருங்க சார். நீங்க ஆட்டை விசாரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

* * *

சங்ககிரி லாரி ஸ்டாண்டில் 'சென்னம்மாள் துணை' நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மணிமாறன் அந்தக் கால்களைப் பார்த்து, "முனியப்பன் கோயில் பொட்டலம்" என்றார். கால்கள் அசையாமல் நின்றன. பிறகு, ஸ்டாண்டில் பெயர் சொல்லியிருந்த டிரைவர் மாதையன் முழுசாக வெளியே வந்தான். மேட்டூர்க்காரன், மலை மாதிரி உடம்பு.

"எல்லாம் தெரியும் மாதையா. ரெண்டுலயும் சிவப்பு வெச்சது நீதான்."

"ஆமாங்க" என்று உடனே அழத் தொடங்கினான் மாதையன். குறுக்கு விசாரணைக்கு என்று மணிமாறன் தயார் பண்ணி வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் வீணாய்ப் போயின. "கலைமணி அண்ணனுக்கு நான் கடமைப்பட்டவனுங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரி பகலா கூட இருந்தவரு அவரு. பங்காளி சின்னுசாமி போர் போட்டு, கேணி வத்தி, கெழங்கெல்லாம் கருகிப்போச்சு. லாரியை ஏத்திக் கதையை முடிச்சுருடான்னாரு. முடியாதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றதுங்க? சரிங்கண்ணான்னு போட்டேன். ஆனா கொலை பண்ற கையாங்க இது? குலசாமி ஒரு வார்த்தை சொல்லட்டும்னு அவருதான் கோயிலுக்குக் கூட்டியாந்தாரு. எனக்கு உசுரு வந்துச்சு. சிவப்பா ரெண்டு கட்டி மடியில வெச்சுக்கிட்டேன். அவரு கட்டிக் கொடுத்ததை வாங்கி மாத்தி வெச்சுப்போட்டேன்."

"மிச்சப் பொட்டலத்தை ஏன் எடுத்தே?"

"நான் எடுக்கலீங்களே. தொடக் கூடாதுங்க அதை."

மணிமாறனின் முகம் கொஞ்சம் தொங்கியது.

"அவர் கட்டிக் கொடுத்த ரெண்டு பொட்டலம் எங்க?" என்றாள் அறிவுச்செல்வி.

மாதையன் கேபினில் ஏறி, சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து வந்தான். நூல்கூடக் கலையாத இரண்டு பொட்டலங்கள். "பிரிச்சா பாவமுங்க. அப்புடியே வெச்சிருக்கறேன்."

பாவத்தை அறிவுச்செல்வி ஏற்றுக்கொண்டாள். முதல் பொட்டலத்தில் வாடிய சிவப்பு அரளி இருந்தது. இரண்டாவதைப் பிரித்தாள். அதிலும் சிவப்பு.

மாதையன் வாயைப் பிளந்தான். மணிமாறனுக்கும் அதே வாய்தான்.

கொல்லச் சொன்னவனே, சாமி வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் கோயிலுக்குப் போயிருக்கிறான். காலடியில் கிடந்தது தன் பொட்டலம் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு ஓடியவனும் அவனே.

* * *

கருகிய கிழங்குத் தோட்டத்தில் நின்றிருந்த கலைமணி, மாருதியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். போன மாதம் பெண்ணைப் பெற்ற கருப்பண்ணனாக வந்தவன் இவன்தான்.

"கோவத்துல சொல்லிப்போட்டேனுங்க. அன்னிக்கு நெசமாவே நெனச்சேன், இல்லைங்கலை. உங்ககிட்ட வந்ததும் அந்தக் கோவத்துலதான். ஆனா நீங்க கொடுத்தீங்களே ஒரு ரிப்போர்ட்டு..."

"என்ன குறை அதுல?" மணிமாறனை மீறி வாய் கேட்டுவிட்டது.

"குறையே இல்லீங்க, அதான் வெனை. அண்ணன் மோட்டார் ரூமுல ஒத்தையா உக்காந்து தயிர்சோறு திங்கறாரு, ஊறுகாய் டப்பா மூடியைத் தொறக்க முடியாம வேட்டியில புடிச்சுத் திருகறாருன்னு எழுதியிருந்தீங்க. சின்ன வயசுல அதே கையாலதான் எனக்கு நொங்கு சீவித் தருவாரு. படிச்சதுக்கப்பறம் மனசு வரலை. மாதையன்கிட்ட வேண்டாம்னு சொன்னா, பேடிப்பயன்னு நெனப்பான். அதான் சாமி தலையில போட்டுட்டேன்."

காரில் ஏறிய பிறகும் மணிமாறன் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார். "செல்வி, ஒத்துக்கிட்ட ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் இஷ்டமில்லை. இந்தச் சதியில மனசார வேலை பார்த்தது யாரு?"

"நீங்க ஒருத்தர்தான் சார். அதுவும் படத்தோட."

"சட்டப்படி இவங்க கதி?"

"மாதையன் மனசுல ஆரம்பத்துலேர்ந்தே இல்லைன்னா மனசொத்த உடன்பாடே இல்லை, சதியும் இல்லை. ஆனா மனசைக் கோர்ட்ல பிரிச்சுக் காட்ட முடியாது. நல்லவேளை, பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டலாம்."

ஆபத்து நீங்கிவிட்டது. மணிமாறன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். சின்னுசாமியிடம் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, இரு வீட்டையும் கூட்டி வைத்துச் சமாதானம் பண்ணி, அப்படியே தினசரியில் ஒரு போட்டோ. அவருடைய வலப்பக்க முகம் நன்றாக இருக்கும் என்று போட்டோகிராபர் சொல்லியிருக்கிறார்.

* * *

சின்னுசாமி அலுவலகத்தில் காத்திருந்தார். மணிமாறன் நாற்காலியில் நிமிர்ந்தார், அது திரும்பியது, அவர் சுவரைப் பார்த்தபடி ஆரம்பித்தார். "ஆளைக் கண்டுபிடிச்சாச்சுங்க. அவர்..."

"இருங்க" என்றார் சின்னுசாமி. குரல் தாழ்ந்திருந்தது. "வெறும் பேரு எனக்குப் பத்தாதுங்க. அவன் எப்ப ஊட்டை உட்டுக் கெளம்பறான், எந்த ரோட்டுல போறான், எங்க தனியா இருப்பான், அத்தனையும் வேணும். மாப்பிள்ளை பத்தி விசாரிச்சாலே நீங்க அதெல்லாம் பிரமாதமா எழுதுவீங்கன்னு ஊருக்குள்ள கேள்விப்பட்டுத்தான் வந்தேன். மீதியை நான் பாத்துக்கறேன்."

மணிமாறன் மெதுவாக நாற்காலியைக் கையால் திருப்பி, முதன்முறையாக அந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். கோபம் இருந்திருந்தால் மணிமாறன் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

மேஜைக்கு அடியில் அறிவுச்செல்வி அவர் காலை மிதித்தாள். அர்த்தம் புரிந்தது. போன தடவை தெரியாது. இந்தத் தடவை தெரியும். அந்த ஒரே கயிறும் போச்சு.

கண்டுபிடிக்கவில்லை என்று இனி சொல்ல முடியாது, ஆளைக் கண்டுபிடிச்சாச்சு என்று பாதி உளறியாகிவிட்டது. இவர் சொல்லாவிட்டால் வேறொரு துப்பறியும் நிபுணர் சொல்வார். நாட்டில் போர்டுக்கா பஞ்சம்?

"செய்யலாம்" என்றார் மணிமாறன். மிதி பலமானது. "ஆனா ஒன்னுங்க. உங்க பகையாளியே குலசாமியைக் கேட்டுட்டுத்தான் நின்னான். நீங்க கேக்காமச் செஞ்சா நல்லாவா இருக்கும்? முனியப்பன்கிட்ட பூ கேளுங்க. வெள்ளை வந்தா பேர், ரோடு, நேரம், எல்லாம் அங்கயே தர்றேன். சிவப்பு வந்தா இத்தோட விட்டுரணும்."

சின்னுசாமி தலையை மெல்ல ஆட்டினார். "அது நாயம்தானுங்க" என்றார்.

அவர் போனதும் அறிவுச்செல்வி வெடித்தாள். "வெள்ளை வந்தா?"

"எப்படி வரும்? கூட வந்தவன்தானே வைக்கணும். நான்தான் கூடப் போறேன்." மணிமாறன் தோள் துண்டைத் தட்டிக்காட்டினார். "மாதையன்கிட்ட கத்துக்கிட்டது. வேணும்னா பாரு, அந்த மனுசனும் ரெண்டு சிவப்புதான் கட்டிட்டு வருவார். இந்த ஊர்ல யாருக்கும் கொலை பண்ண மனசு கிடையாது. தடுக்க ஒரு ஆள்தான் வேணும்."

* * *

வெள்ளிக்கிழமை காலை. சின்னுசாமி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, மறைவாகத் திரும்பி நின்று பொட்டலங்களைக் கட்டினார். மணிமாறன் கையில் கொடுத்தார். நிபுணர் மேடைக்கு நடந்த அந்த நாலடி தூரத்தில் துண்டு ஒரு தடவை நழுவியது, ஒரு பொட்டலம் விழப் பார்த்தது. அறிவுச்செல்வி சட்டென்று இருமி, சின்னுசாமியைத் தன் பக்கம் திரும்ப வைத்தாள். கடைசியில் மேடையில் உட்கார்ந்தவை இவர்கள் கட்டிய இரண்டு சிவப்புகள்தான்.

அம்மாசி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நூலைப் பிரித்தார்.

"செகப்புங்க. சாமி வேண்டாங்குது."

சின்னுசாமி அந்தப் பூவையே பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. "இல்லையே" என்றார். "அது எப்புடி... என்ற கையாலதானே கட்டுனேன்?" மேடையில் கிடந்த மற்றப் பொட்டலத்தை நோக்கிக் கை நீண்டது. பாதியில் நின்றது. அதைத் தொடும் தைரியம் வரவில்லை. ஈர வேட்டியோடு அப்படியே மண்ணில் விழுந்து, "சாமீ, என்னை மன்னிச்சுரு சாமீ" என்று கதறினார்.

மணிமாறனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்பு வந்தால் ஒரு மனிதனுக்கு ஏமாற்றம் இருக்கலாம். இவருக்கு ஏன் இவ்வளவு பயம்? கட்டியவருக்கு அதில் என்ன அதிசயம்?

வேப்பமரத்துக்குப் பின்னால் போய் இருவரும் துண்டை விரித்தார்கள். சின்னுசாமி கட்டிய பொட்டலங்களை அறிவுச்செல்வி பிரித்தாள்.

முதலாவது வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை.

மணிமாறன் வெள்ளைப் பூக்களையும் மண்ணில் கிடந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாமியைக் கேட்க வந்தவரல்ல அவர். சாமியிடம் கையெழுத்து வாங்க வந்தவர். தான் கட்டிய வெள்ளையை முனியப்பன் கண்ணெதிரே சிவப்பாக்கிவிட்டதாகத்தான் அங்கே விழுந்து கிடக்கிறார்.

"இவர் மேல கேஸ் போட முடியுமா செல்வி?"

"முடியாது சார்." அவள் குரலில் கேலி இல்லை. "ஒத்தை ஆள். யார்கூடயும் ஒத்துக்கலை, சதி இல்லை. மனசுல நினைக்கறது குத்தமில்லை. கை ஓங்கினாத்தான் முயற்சி. கொல்ல மனசில்லாத ரெண்டு பேரைச் சட்டம் இழுக்கலாம். நிஜமாவே கொல்ல வந்தவரைத் தொட முடியாது."

மணிமாறன் இரண்டு வெள்ளைப் பூக்களையும் சேர்த்துக் கிணற்றில் போட்டார். ஆயுளில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் இது. இதை வெளியே சொன்னால் அந்த நிமிடமே அது கெட்டுப்போகும். போட்டோ, தினசரி, வலப்பக்க முகம், எல்லாம் கிணற்றோடு போயிற்று. அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

சின்னுசாமி எழுந்து வந்தார். மண் ஒட்டிய நெற்றியோடு, "அந்தப் பேரை எனக்குச் சொல்லாதீங்க" என்றார். "தெரிஞ்சா என்ற கை சும்மா இருக்காது. நானே வந்து கால்ல உழுந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேங்க."

திரும்பும்போது சின்னுசாமியும் மாருதியில் ஏறிக்கொண்டார். சங்ககிரி தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மெல்லக் கேட்டார். "ஏனுங்க, நெசமாவே நீங்க ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

மணிமாறன் கண்ணாடியில் அறிவுச்செல்வியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

"இல்லைங்க" என்றார். "சும்மா கெத்துக்குச் சொன்னேன். என்னால ஒன்னுமே கண்டுபிடிக்க முடியலை."

சின்னுசாமி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு, சுமை இறங்கியவர் போல இரண்டு கையையும் குவித்து, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் யாரும் அவரை இவ்வளவு மனசார வாழ்த்தியதில்லை.